மூன்றாவது ஷிஃப்டின் தேதி

என் அப்பா ஜம்புலிங்கம் பி.யு.சி. வரை படித்தவர். பதினேழு ஆண்டுகளில் ஏறத்தாழ எட்டாயிரம் ஆய்வுக் கட்டுரைகளைத் தலைப்பிலிருந்து கடைசி மேற்கோள் வரை வாசித்திருக்கிறார். அவற்றில் பாதிக்கு மேல் என்ன சொல்கின்றன என்று அவருக்குத் தெரியாது. எங்கே தப்பு இருக்கிறது என்று தெரியும். இரண்டும் வேறு வேறு வேலை என்பார்.

1978-ல் கோலார் தங்கவயல் சுரங்கத்தின் கருவி அறையில் ரெக்கார்டராகச் சேர்ந்தார். ஆழத்தில் பாறை அழுத்தம் தாங்காமல் தானாக உடைந்து சிதறும். எங்கள் ஊரில் அதை பர்ஸ்ட் என்பார்கள். ஒவ்வொரு பர்ஸ்டுக்கும் கருவி அறையில் உருளையில் சுற்றிய தாளின் மேல் ஊசி துள்ளும். துள்ளிய நேரத்தையும் துள்ளிய உயரத்தையும் பதிவேட்டில் எழுதுவது அப்பாவின் வேலை. மூன்று ஷிஃப்ட். காலை ஆறு முதல் இரண்டு, இரண்டு முதல் பத்து, பத்து முதல் மறுநாள் காலை ஆறு. இருபத்து மூன்று ஆண்டுகள் இதைச் செய்தார். 2001-ல் சுரங்கத்தை மூடினார்கள். அவருக்கு நாற்பத்து நான்கு வயது. எனக்குப் பதின்மூன்று.

பிறகு ஊரில் பாதிப் பேர் ரயிலில் ஏறினார்கள். அப்பாவும் ஏறினார். மாரிக்குப்பத்திலிருந்து காலையில் புறப்படும் வண்டி, சாம்பியன் நிலையத்தில் ஏறினால் பெங்களூர். அங்கே, வெளிநாட்டு ஆய்விதழ்களுக்குப் பக்கம் அமைத்துக் கொடுக்கும் கம்பெனி ஒன்று இருந்தது. விஞ்ஞானிகள் எழுதியதை வாங்கி, சரிபார்த்து, அச்சுக்கு ஏற்றபடி அடுக்கித் திருப்பி அனுப்புவார்கள். ஆள் எடுக்கத் தேர்வு வைத்தார்கள். எண்கள் நிறைந்த இரண்டு தாள்கள், வித்தியாசம் கண்டுபிடிக்க வேண்டும். மொத்தம் பத்தொன்பது வித்தியாசம். அப்பா இருபது எழுதினார். இருபதாவது தேர்வு வைத்தவர்களுக்கே தெரியாதது.

கட்டுரையில் சந்தேகம் வந்தால் ஓரத்தில் எண் போட்டு, எழுதியவருக்குக் கேள்வி அனுப்ப வேண்டும். அதற்கு ஆதர் க்வெரி என்று பெயர். சுருக்கமாக ஏ.க்யூ. எழுதியவர் நாற்பத்தெட்டு மணி நேரத்தில் பதில் தர வேண்டும். கேட்டவர் பெயர் எங்கும் வராது. பெயர், எண், அட்டவணை, மேற்கோள் இவற்றை மட்டும் கேட்கலாம், அறிவியலில் கை வைக்கக் கூடாது என்பது கம்பெனி விதி. அப்பா அந்த விதியை ஒரு முறை மீறினார். சுரங்கம் பற்றிய ஒரு கட்டுரையில் ஆழம் முப்பத்திரண்டு கிலோமீட்டர் என்றிருந்தது. 'மூன்று புள்ளி இரண்டா? அதற்குக் கீழே ஆட்களை இறக்கும் கேஜ் போகாது. தயவுசெய்து சரிபார்க்கவும்' என்று எழுதினார். எழுதியவர் திருத்தி, நன்றியும் சொல்லியிருந்தார். மேலாளர் அப்பாவைக் கூப்பிட்டு, நன்றி வந்ததையும் சொன்னார், இனிமேல் கேஜ் பற்றி எழுத வேண்டாம் என்றும் சொன்னார்.

வீட்டிலும் அதே பழக்கம்தான். ஸ்கெலட்டன் என்ற எங்கள் குடியிருப்பில் பக்கத்து வீட்டு தாமோதரன் தன் மகள் கல்யாணப் பத்திரிகையைக் கொண்டுவந்து கொடுத்தார். அப்பா பென்சிலை எடுத்தார்.

“தேதி இருவத்தஞ்சுன்னு கீது. கிழமை ஞாயிறுன்னு கீது. இருவத்தஞ்சு திங்கக்கிழமைதான வருது.”

“ஐநூறு அடிச்சிட்டேனே, ஜம்பு.”

“அப்ப ஞாயித்துக்கிழமை பாதிப் பேரு வருவாங்க, திங்கக்கிழமை பாதிப் பேரு வருவாங்க. சாப்பாட்ட மட்டும் ரெண்டு நாளைக்குப் போட்டுக்கோ.”

ஐநூறு பத்திரிகையிலும் பேனாவால் திருத்தியவர் அப்பாதான். ஒரு மாலையில் முடித்தார்.

எம்.எஸ்சி. படித்த இரண்டு ஆண்டுகள் நானும் அதே வண்டியில் போனேன். அப்பாவுக்கு எதிர் சீட்டில் கொர்னேலியஸ் அங்கிள். சுரங்கத்தில் ஃபிட்டராக இருந்தவர். அப்போது பெங்களூரில் ஒரு ஐ.டி. பார்க்கில் செக்யூரிட்டி. பங்காருப்பேட்டை தாண்டியதும் தினமும் ஆரம்பிப்பார்.

“இன்னா ஜம்பு, நேத்திக்கு எத்தினி டாக்டருக்கு ஊசி போட்ட?”

“மூணு பேருக்கு. ஒருத்தன் டேபிள்ல கூட்டலே தப்பு.”

“கூட்டத் தெரியாதவன்லாம் டாக்டரு. கூட்டத் தெரிஞ்ச நான் கேட்டாண்ட சல்யூட் அடிச்சிகினு கீறேன்.”

“நீ கூட்டுனது ஓவர்டைம் மட்டும்தான்.”

அந்த ரயிலில்தான் பிஎச்டிக்கு இடம் கிடைத்ததைச் சொன்னேன். நான் அப்பாவை நைனா என்று கூப்பிடுவேன். மகிழ்ச்சி என்றால் உடனே சொல்லிவிடுபவர், அன்று அடிக்குறிப்புகளைப் பற்றிப் பேசினார்.

கட்டுரையின் முதல் பக்கத்து அடியில் சிறிய எழுத்தில் ஒரு வரி வரும்: தற்போதைய முகவரி. ஆய்வு செய்த இடத்தை விட்டு, கட்டுரை வருவதற்குள் வேறு இடத்துக்குப் போனவர்களுக்கு அது. மற்ற சரிபார்ப்பவர்கள் அதில் பின்கோடு மட்டும் பார்ப்பார்கள். அப்பா பெயரையும் நினைவில் வைத்துக்கொள்வார். ஒரு பெயர் ஆறு ஆண்டுகளில் நான்கு ஊர்களோடு வந்ததாம். ஐந்தாவது முறை ஊர் இல்லை. பிறகு அந்தப் பெயரே வரவில்லையாம்.

“சுமா, ஒண்ணு சொல்றேன் கேட்டுக்கோ. மொதல் பேரா வர்றவங்க பத்துப் பேர எடுத்துக்கோ. அஞ்சு வருஷம் கழிச்சி ரெண்டு பேரத்தான் திரும்பப் பாக்கறேன்.”

“மீதி எட்டுப் பேரு இன்னா ஆனாங்க, நைனா?”

“அது பேப்பர்ல வராது.”

“நாலு பேரு என் கேட்டாண்ட வர்றானுங்க,” என்றார் கொர்னேலியஸ் அங்கிள். “கழுத்துல பட்டி மாட்டிகினு. நல்லாத்தான் கீறானுங்க. நீ போம்மா.”

போனேன். பாறைகளின் அதிர்வு பற்றிய ஆய்வு. 2016-ல் பட்டம். பிறகு ஸ்வீடனில் இரண்டு ஆண்டுகள், ஆஸ்திரேலியாவில் இரண்டரை, ஹைதராபாத்தில் ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கும் திட்ட வேலை. என் கட்டுரைகளிலும் தற்போதைய முகவரி மூன்று முறை மாறியது. “நீயும் அடிக்குறிப்பாயிட்ட,” என்றார் அப்பா. நிரந்தர வேலைக்குப் பெரும்பாலான இடங்களில் முப்பத்தைந்து வயது எல்லை. எனக்கு முப்பத்திரண்டு நடந்துகொண்டிருந்தது. கேட்டால் எடுத்துக் காட்டும்படி ஒரு நல்ல கட்டுரை, முதல் பெயராக, வேண்டியிருந்தது.

அதற்கான தரவு எங்கள் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் இருந்தது.

கருவி அறைப் பதிவேட்டில் கார்பன் தாள் வைத்து இரண்டு பிரதிகள் எழுதுவார்கள். சுரங்கத்தை மூடியபோது முதல் பிரதி எங்கோ போனது. கார்பன் பிரதிகளைக் குப்பைக்கு அனுப்பச் சொன்னார்கள். அப்பா அதிகாரியிடம் கேட்டு, எழுதி வாங்கிக்கொண்டு, பதினொரு புத்தகங்களை வீட்டுக்குக் கொண்டுவந்தார். 1984 முதல் 1993 வரை. அத்தனை ஆழத்தில், அத்தனை நீளமான பதிவு உலகத்தில் அதிகம் இல்லை. அது அப்பாவுக்குத் தெரியாது. நான் சொன்ன பிறகு பிளாஸ்டிக் உறை போட்டார்.

2020-ல் ஊரடங்கு. அப்பா ஓய்வு பெற்று ஓராண்டு ஆகியிருந்தது. நான் நான்கு காலம், அதாவது நெடுவரிசை, போட்டு ஒரு எக்செல் தாளை அனுப்பினேன். தேதி, நேரம், இடம், உயரம். பதினான்கு மாதங்களில் 6,314 வரிகளை இரண்டு விரலால் அடித்தார். ஒவ்வொரு பக்கத்தையும் அடித்ததும் அவர் திரையைப் பார்த்து வாசிப்பார். அம்மா மணியம்மாள் புத்தகத்தில் விரல் வைத்துச் சரிபார்ப்பார். “கண்ண மூடினா ஊசி ஆடுது,” என்பார் அம்மா. அடுத்த பக்கத்தையும் அவரே திருப்புவார்.

கட்டுரை கேட்ட கேள்வி எளிமையானது. சுரங்கத்தில் ஷிஃப்ட் முடிவில், பிற்பகல் இரண்டு மணிக்கும் இரவு பத்து மணிக்கும், வெடி வைப்பார்கள். வெடித்த பிறகு பாறை அமைதியில்லாமல் இருக்கும், பர்ஸ்டுகள் வரும். எவ்வளவு நேரத்தில் அடங்கும்? அதைப் பார்க்க வாரத்தில் ஒரு நாள்தான் வசதி. சனிக்கிழமை இரவு பத்து மணி வெடிக்குப் பிறகு திங்கட்கிழமை பிற்பகல் இரண்டு மணி வரை வெடி கிடையாது. பத்தாண்டு சனிக்கிழமைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினேன். விடை வந்தது: இரண்டு மணி நேரம். அதுவரை எல்லோரும் ஆறு, ஏழு, எட்டு மணி நேரம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

என் மூன்றாவது படத்தில் அந்த வளைகோடு இருக்கிறது. பத்து மணிக்கு உயர்ந்து நிற்கிறது. பன்னிரண்டு மணிக்குச் செங்குத்தாக விழுகிறது. பாறைக்குக் கடிகாரம் தெரியாது. அது சரியாக நள்ளிரவில் அடங்குவானேன் என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. மதிப்பிட்ட மூன்று ரெஃபரிகளும் கேட்கவில்லை. அபூர்வமான தரவு என்று எழுதினார்கள்.

2023 ஜனவரியில் இணையத்தில் வந்தது. மார்ச்சில் வேறு மாநிலத்துச் சுரங்கப் பொறியாளர் ஒருவர் எழுதினார். அவர்கள் சுரங்கத்தில் வெடிக்குப் பிறகு எட்டு மணி நேரம் ஆட்களை உள்ளே விடுவதில்லை. உங்கள் முடிவின்படி இரண்டாகக் குறைக்கலாமா என்று கேட்டிருந்தார். ஆய்வு வேலையில் ஒருவர் இப்படிக் கேட்பது அபூர்வம். அப்பாவுக்குப் போன் செய்து சொன்னேன். மே மாதம் ஒரு கல்வி நிறுவனத்தில் எனக்கு நேர்முகம் இருந்தது. அதில் சொல்ல நல்ல விஷயம் என்றேன்.

“பக்க எண் வந்திடுச்சா?” என்றார்.

பக்க எண் வராத கட்டுரையை அப்பா படிக்க மாட்டார். எண் விழும் வரை எது வேண்டுமானாலும் மாறும், அதுவரை அது பேப்பர் இல்லை என்பது அவர் கட்சி. என் கட்டுரைகள் எல்லாவற்றையும் அப்படித்தான் படித்தார். கருவி அறையைப் பற்றிய கட்டுரைக்கும் விலக்குத் தரவில்லை.

ஏப்ரல் இறுதியில் பக்க எண் வந்தது. ராபர்ட்சன்பேட்டைக்குப் போய் அச்செடுத்துவந்தார். மறுநாள் காலை ஆறு மணிக்குப் போன்.

“சுமா. ஏ.க்யூ. ஒண்ணு.”

சிரித்தேன். “சொல்லுங்க நைனா.”

“படம் மூணு. சனிக்கிழமை பன்னெண்டு மணிக்கு அப்பால கோடு படுத்துகினு கீது. தயவுசெய்து சரிபார்க்கவும்.”

“டேட்டா அப்படித்தான் சொல்லுது.”

“டேட்டா சொல்லட்டும். அங்க ஒக்காந்திருந்தவன் நானு. சனிக்கிழமை மூணாவது ஷிஃப்டுன்னா ஊசி நாலு மணி வரைக்கும் நிக்காது. டீ கிளாஸ மேசை மேல வைக்க முடியாது, கையிலதான் வச்சிகினு இருப்போம். அப்பறம் திங்கக்கிழமை விடிகாலைல பர்ஸ்ட் காட்டியிருக்க. ஒன்றரை நாளா வெடியே கெடையாது. எங்கேந்து வந்தது?”

அந்தத் திங்கட்கிழமைக்குக் கட்டுரையில் ஒரு பத்தி முழுக்க விளக்கம் எழுதியிருந்தேன்.

“நீங்க டைப் பண்ணதுதான நைனா?”

“புக்குல இன்னா கீதோ அதான் டைப் பண்ணேன். மூணாவது ஷிஃப்டு பத்து மணிக்கு ஆரம்பிச்சா, காலைல ஆறு மணி வரைக்கும் அந்தத் தேதிதான.”

எனக்குப் புரியவில்லை. அவருக்கு எனக்குப் புரியாதது புரியவில்லை. வேறு மாதிரி கேட்டார்.

“ஒருத்தன் சனிக்கிழமை ராத்திரி ட்யூட்டிக்குப் போறான். ஞாயித்துக்கிழமை காலைல வர்றான். அட்டென்டன்ஸ் மஸ்டர்ல எந்தத் தேதி வுழும்?”

“சனிக்கிழமை.”

“அதான்.”

எங்கள் ஊரில் இதை யாரும் யாருக்கும் சொல்லித் தந்ததில்லை. ஷிஃப்ட் தொடங்கிய தேதிதான் அந்த ஷிஃப்டின் தேதி. ஞாயிறு அதிகாலை இரண்டரை மணிக்கு வந்த பர்ஸ்ட், புத்தகத்தில் சனிக்கிழமை, இரண்டரை என்று இருக்கும். என் நிரல் அதைச் சனிக்கிழமை அதிகாலையாக எடுத்துக்கொண்டது. நள்ளிரவுக்கும் காலை ஆறு மணிக்கும் நடுவில் பதிவான ஒவ்வொன்றும் இருபத்து நான்கு மணி நேரம் முன்னால் போய்விட்டது. மற்ற நாட்களில் அது வெளியே தெரியாது, நேற்றும் இன்றும் ஒரே மாதிரி. சனி, ஞாயிறில் மட்டும் தெரியும். நான் பார்த்தது அந்த இரண்டு நாட்களை மட்டும்தான்.

புத்தகத்தில் ஷிஃப்டுக்குத் தனிக் காலம் இருந்தது. நான் அனுப்பிய தாளில் இல்லை.

“நான் கேட்டிருக்கணும்,” என்றார் அப்பா. “ஊர் பேரு தெரியாதவனையெல்லாம் பதினேழு வருஷம் கேட்டவன், உன்னக் கேக்கல. ஒரு காலம் கொறையுதுன்னு மொத நாளே பாத்தேன். மக தெரிஞ்சிதான் வுட்டிருப்பான்னு நானும் வுட்டுட்டேன்.”

நிரலைத் திருத்தப் பதினொரு வரிகள் போதும். ஏழு நிமிடத்தில் புதிய படம் வந்தது. கோடு நள்ளிரவில் விழவில்லை. மெல்லச் சரிந்து, அதிகாலை நாலரைக்குத்தான் தரையைத் தொட்டது. வெடித்ததிலிருந்து ஆறரை மணி நேரம். எல்லோரும் முன்பே சொன்னது. புதிதாக எதுவும் இல்லை.

நேர்முகத்துக்குப் பத்தொன்பது நாட்கள் இருந்தன. அன்று மாலை நான் போன் செய்தேன்.

“நீங்க சொன்னது சரி. திருத்தம் அனுப்பறேன். ஆனா இன்டர்வியூ முடியட்டும், நைனா. மூணு வாரம்.”

அவர் மறுக்கவில்லை. “உன் பேப்பரு. ஏ.க்யூ.வுக்குப் பதில் எழுதறது ஆதர் வேலை. கேட்டவன் எழுதக் கூடாது.”

“கோவமா?”

“இன்னாத்துக்குக் கோவம்? அந்த இன்ஜினியருக்குப் பதில் போட்டியா?”

“இன்னும் இல்ல.”

“மூணு வாரத்துக்கு எத்தினி ஷிஃப்டு?”

“அறுபத்து மூணு,” என்றேன். கணக்குக் கேட்டால் பதில் சொல்லும் பழக்கம்.

“சரி. சாப்டியா?” என்று கேட்டு வைத்துவிட்டார்.

பொறியாளருக்கு அப்போதே எழுதினேன். முடிவு தவறு, எதையும் மாற்ற வேண்டாம், விவரம் பின்னால் வரும். மறுநாளே பதில் வந்தது: நன்றி, எட்டு மணி நேரமே தொடர்கிறது. ஒருவரிடம் சொன்ன பிறகு ஆய்விதழிடம் சொல்லாமல் இருக்கக் காரணம் எதுவும் மிச்சமில்லை. இரண்டு நாள் தேடினேன், பிறகு அனுப்பினேன். கட்டுரையைத் திரும்பப் பெற்று, முழுவதும் திருத்திப் புதிதாகத் தரச் சொன்னார்கள். என் பட்டியலில் முதலாவதாக இருந்த கட்டுரையின் மேல் 'திரும்பப் பெறப்பட்டது' என்று குறுக்கே விழுந்தது. நேர்முகத்துக்கு அப்போது எட்டு நாட்கள்.

நேர்முகத்தில் அதை முதலில் நானே சொன்னேன். ஐந்து பேர் இருந்தார்கள். பிழையைக் கண்டுபிடித்தது யார் என்று ஒருவர் கேட்டார்.

“என் அப்பா.”

“அவர் எந்த இன்ஸ்டிட்யூட்?”

கருவி அறை என்றேன். அவர் எழுதிக்கொண்டார். அடுத்த கேள்வி பாடம் நடத்துவது பற்றி.

தேர்வானவர் பெயர் ஜூனில் வந்தது. என் பெயர் இல்லை. காரணம் இந்தக் கட்டுரைதானா என்று தெரியாது. அதற்குத் தரவு இல்லை. ஆகஸ்டில் எனக்கு முப்பத்தைந்து முடிந்தது.

அப்பாவிடம் சொன்னபோது, “எனக்கு ஒரு காலம் போட்டுக் குடு,” என்றார். எக்செல் தாளில் ஐந்தாவது காலம் சேர்த்து அனுப்பினேன். ஷிஃப்ட். மறுபடி முதல் புத்தகத்திலிருந்து ஆரம்பித்தார். மறுபடி அம்மாவின் விரல். 6,314 வரிகள். கார்பன் மங்கிய இடங்களில், எழுத்தை வைத்து அது யார் ட்யூட்டி என்று கண்டுபிடித்து, அதை வைத்து ஷிஃப்டைக் கண்டுபிடித்தார். ராஜப்பாவின் ஏழு கொடி மாதிரி வளையும், எட்மண்ட் ஒன்றுக்குத் தொப்பி வைப்பார் என்று எனக்கு விளக்கினார். அப்படி நானூற்று இரண்டு வரிகள். வேறு யாராலும் செய்ய முடியாது. நான் செப்டம்பரில் பத்து நாள் ஸ்கெலட்டனில் இருந்தேன். ஒரு நாள் சாப்பிடும்போது சொன்னேன்.

“இதுல உங்க பேர ரெண்டாவதா போடறேன்.”

“தப்பு பண்ணவன் பேரா?”

“அவளுந்தான் தப்பு பண்ணா,” என்றார் அம்மா, குழம்பை ஊற்றிக்கொண்டே. “அவ பேரு மொதல்ல வருதில்ல?”

அப்பா குழம்பைச் சோற்றில் பிசைந்தார்.

“ரிட்டயரான ஆளுக்கு அஃபிலியேஷன் இன்னான்னு போடுவ? அது இல்லாம பேப்பர் நகராது. நானே எத்தினி பேருக்கு க்வெரி போட்டிருக்கேன்.”

“அப்பறம் பாத்துக்கலாம்.”

“அப்பறம்னு சொல்றவங்களுக்குத்தான் க்வெரி வரும்.”

சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டார். முழுப் பெயர், இனிஷியல், தேதி. அக்டோபரில் அனுப்பினோம். தலைப்பு மாறிவிட்டது. பாறை எப்போது அடங்குகிறது என்பதற்குப் பதிலாக, சுரங்கப் பதிவேடுகளில் ஷிஃப்ட் தேதியை எப்படிப் படிக்க வேண்டும் என்பது பற்றியது. சிறிய கட்டுரை.

டிசம்பரில் ஹைதராபாத் திட்டம் முடிந்தது. இந்த முறை புதுப்பிக்க விண்ணப்பிக்கவில்லை. ஜனவரியில் பெங்களூரில், சுரங்கப்பாதை தோண்டும்போது பக்கத்துக் கட்டடங்களின் அதிர்வைக் கண்காணிக்கும் நிறுவனத்தில் சேர்ந்தேன். அப்பாவின் கணக்கில் நான் அந்த எட்டுப் பேரில் சேர்ந்துவிட்டேன். அதை அவரிடமே சொன்னேன். “சேந்தாலும் எங்க கீறன்னு எனக்குத் தெரியுமில்ல,” என்றார்.

பிப்ரவரியில் அப்பாவுக்கு நெஞ்சு வலி. கோலார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ஞாயிற்றுக்கிழமை, பதினொன்றாம் தேதி, இரவு பத்து மணிக்கு உள்ளே எடுத்தார்கள். அதிகாலை மூன்று இருபதுக்கு இறந்தார். வயது அறுபத்தாறு. சான்றிதழுக்கு விவரம் கேட்டபோது அம்மா பதினொன்று என்றார். எழுதியவர் நேரத்தைப் பார்த்துவிட்டுப் பன்னிரண்டு என்று எழுதினார். அம்மா அவரோடு வாதாடவில்லை.

ஞாயிறு மூன்றாவது ஷிஃப்ட். எங்கள் தரவில் வாரத்திலேயே அமைதியான எட்டு மணி நேரம் அது.

அடக்கத்துக்கு ரயிலில் கூடப் பயணித்தவர்கள் வந்திருந்தார்கள். கொர்னேலியஸ் அங்கிள் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியை எழுத்தெழுத்தாகப் படித்தார். “பேருல ஒரு எழுத்து வுட்டுட்டானுங்க,” என்றார். “அவன் பாத்திருந்தா வுட்டிருக்க மாட்டான்.” பேனா வாங்கி அவரே சேர்த்தார். பக்கத்துச் சந்தில் ஒட்டியிருந்த ஒன்பதிலும் சேர்த்துவிட்டு வந்தார்.

மார்ச்சில் கட்டுரை ஏற்கப்பட்டது. இரண்டாம் ஆசிரியர் இறந்துவிட்டார் என்று ஆய்விதழுக்கு எழுதினேன். ஏப்ரலில் பிழைதிருத்தப் பிரதி வந்தது. நான் அப்போது ஸ்கெலட்டனிலிருந்துதான் வேலைக்குப் போய்வந்துகொண்டிருந்தேன், அதே வண்டியில். பங்காருப்பேட்டையைத் தாண்டும்போது போனில் திறந்தேன். ஓரத்தில் மூன்று எண்கள். பதில் தர நாற்பத்தெட்டு மணி நேரம். கேட்டவர் பெயர் இல்லை.

ஏ.க்யூ. ஒன்று: இரண்டாவது அட்டவணையின் கூட்டுத்தொகை ஒன்று குறைகிறது. தயவுசெய்து சரிபார்க்கவும்.

ஏ.க்யூ. இரண்டு: இரண்டாம் ஆசிரியரின் நிறுவனப் பெயர் இல்லை. தயவுசெய்து தரவும்.

ஏ.க்யூ. மூன்று: இரண்டாம் ஆசிரியர் மறைந்ததாகக் குறித்துள்ளீர்கள். அடிக்குறிப்புக்குத் தேதி தரவும்.

முதலாவதைத் திருத்தினேன். ஒரு வரி விட்டுப்போயிருந்தது, என் தப்பு. இரண்டாவதற்கு, ரெக்கார்டர், கருவி அறை, கோலார் தங்கவயல் என்று எழுதினேன். சுரங்கம் மூடி இருபத்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. அப்பா பெயருக்குக் காலியாக விட்டிருந்த தற்போதைய முகவரி என்ற வரியை நீக்கச் சொன்னேன்.

மூன்றாவதை மாலை வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கேட்டேன்.

“பதினொண்ணு,” என்றார் அம்மா. “பத்து மணிக்கு உள்ள போனாரில்ல. வெளிய வந்திருந்தா பன்னெண்டு.”

கட்டுரையின் இரண்டாம் பத்தியில் ஒரு வாக்கியம் இருக்கிறது: இக்கட்டுரையில் உள்ள எல்லாத் தேதிகளும் நாட்காட்டித் தேதிகளாக மாற்றப்பட்டவை. அதன் சொற்களை அடுக்கியது அப்பா. எல்லாம் என்றால் எல்லாம்.

பன்னிரண்டு என்று எழுதி அனுப்பினேன். அம்மாவிடம் சொன்னேன்.

“பேப்பர்ல அப்படித்தான் வரணும்னா வரட்டும்,” என்றார். வீட்டு நாட்காட்டியில் அவர் வட்டம் போட்டிருந்தது பதினொன்றில். அதை நான் மாற்றச் சொல்லவில்லை.

பக்க எண் ஜூலையில் வந்தது. பதில் அனுப்பிய பிறகு அதுவரை நான் கட்டுரையைத் திறந்து பார்க்கவில்லை.